ஊர்க் குக்கரில் பீன்ஸ் பாட்டில் போடலாமா? பிரஷர் கேனரைப் பயமில்லாமல் கையாள்வது எப்படி?

கேள்வி: "டென்வர் பக்கம் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. கொல்லையில் பீன்ஸ் கொட்டிக் காய்க்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி தன் பழைய பிரஷர் கேனரைக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த 5 லிட்டர் குக்கரில் பாட்டிலை வைத்து நாலைந்து விசில் விட்டால் ஆகாதா?"

ஆகாது. ஏன் ஆகாது என்பது புரிந்துவிட்டால் கேனர் (பாட்டிலில் அடைத்த உணவை ஆவி அழுத்தத்தில் சூடாக்கிக் கெடாமல் வைக்க உதவும் பெரிய பாத்திரம்) மேல் உள்ள பயமும் பாதி போய்விடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நானும் கொலராடோவுக்கு வந்த புதிதில் இதே யோசனையில்தான் இருந்தேன். குக்கர் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். விசிலை எண்ணுவது, அவசரத்துக்குக் கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கி ஆவியைப் பீச்ச விடுவது, குழாயடியில் காட்டிக் குளிரவைத்துத் திறப்பது எல்லாம் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது. கேனரிடம் இந்த மூன்று பழக்கமுமே ஆபத்து.

குக்கரில் தப்பு நடந்தால் பருப்பு வேகாது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும், இன்னும் இரண்டு விசில் விடலாம். கேனரில் தப்பு நடந்தால் கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் ஒன்றுமே தெரியாது. மூடி இறுகியிருக்கும், பீன்ஸ் பச்சையாகத் தெரியும், வாசனை நன்றாக இருக்கும், மூன்று மாதம் கழித்து அதைச் சாப்பிட்டவர் ஐசியூவில் கிடப்பார்.

காரணம் மண்ணில் எங்கும் இருக்கிற ஒரு பாக்டீரியா, குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம். அதன் ஸ்போர், அதாவது உறங்கும் வித்து, கொதிக்கிற தண்ணீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. காற்றுப் படும் இடத்தில் அது சும்மா கிடக்கும். காய்கறியோடு நாமும் அதை அவ்வப்போது தின்றுகொண்டுதான் இருக்கிறோம், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. காற்றில்லாமல், புளிப்பில்லாமல், ஈரத்தோடு, அறை வெப்பத்தில் ஓர் இடம் அமைந்தால் விழித்துக்கொண்டு பெருகும், நஞ்சைக் கக்கும். மூடி இறுகிய பீன்ஸ் பாட்டில் அதற்கென்றே கட்டிக் கொடுத்த வீடு.

2015 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலம் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்து நடந்தது. ஆளுக்கொன்றாகச் சமைத்துக் கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிட்ட விருந்து. 29 பேருக்கு போட்டுலிசம், அதாவது அந்த நஞ்சால் வரும் நோய், வந்தது, ஒருவர் இறந்தார். உருளைக்கிழங்கு சாலட்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தக் கிழங்கை வீட்டிலேயே பாட்டிலில் அடைத்திருந்தார்கள். கேனரில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்து எடுத்திருந்தார்கள். பாட்டிலுக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டவே இல்லை.

அந்த வித்தைக் கொல்ல 116 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் பாட்டிலின் நட்டநடுவில், போதிய நேரம் வேண்டும். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் கடல்மட்டத்தில் 100-ல் கொதிக்கும். நாம் இருக்கும் டென்வர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எத்தனை மணி நேரம் எரித்தாலும் அதற்கு மேல் ஏறாது. மூடி போட்டு ஆவியை அடக்கினால்தான் ஏறும். அமெரிக்க வேளாண் துறை 1917-லேயே, புளிப்பில்லாத உணவை வீட்டில் பாட்டிலில் அடைக்க அழுத்த முறை ஒன்றே பாதுகாப்பானது என்று சொல்லிவிட்டது.

"குக்கரும் ஆவியை அடக்குகிறதே?" என்று கேட்பீர்கள். அடக்குகிறது. நம் ஊர் குக்கர் வெயிட் பெரும்பாலும் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தத்தில் தூக்கும், அது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 பவுண்டு. அழுத்தம் குறைவு என்பது இங்கே சிக்கலில்லை. கேனருக்கு எழுதியிருக்கும் "20 நிமிடம்", "75 நிமிடம்" எல்லாம் பெரிய, கனமான பாத்திரத்தில் பாட்டிலை வைத்து, அதன் நடுவில் சூடு எப்படி ஏறுகிறது, அடுப்பை அணைத்த பிறகு எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்து போட்ட கணக்கு. கேனர் சூடேற நேரம் எடுக்கும், ஆறவும் முக்கால் மணி ஆகும், அந்த நேரத்திலும் கிருமி செத்துக்கொண்டிருக்கும். சின்னக் குக்கர் சட்டென்று சூடேறி சட்டென்று ஆறிவிடும், அந்தப் பங்கு கிடைக்காது. விசிலடிக்கும் குக்கரில் ஒவ்வொரு விசிலுக்கும் அழுத்தம் சரிந்து ஏறும், அந்தக் குலுக்கலில் பாட்டிலில் இருக்கும் தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வழியும். குறைந்தது நாலு குவார்ட் பாட்டில்களாவது (ஒரு குவார்ட் என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர்) நிற்கக்கூடிய பாத்திரத்தைத்தான் கேனர் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டனை அமுக்கினால் தானே சமைக்கும் மின்சாரக் குக்கருக்கும் இதே பதில்தான். சோறு, பருப்பு, குழம்புக்கு அது இருக்கட்டும்.

இப்போது பாட்டி கொடுத்த கேனருக்கு வருவோம். பழையது என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். 1970-களுக்குப் பிறகு வீட்டுக் கேனர்களின் அமைப்பே மாறிவிட்டது. மூடி லேசானது, பூட்டும் முறை எளிது. அதற்கு முந்தைய கனத்த கெட்டில் ரகமாக இருந்தால், மாற்று ரப்பரும் வால்வும் இன்றும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். கிடைக்காவிட்டால் அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஆவிக்குழாய் வழியாக வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அரை வட்டம் தெரிந்தால் உள்ளே பழைய பிசுக்கு இருக்கிறது. கெட்டி நூலையோ பைப் துடைக்கும் கம்பியையோ விட்டு எடுத்துவிடுங்கள். கேனர் வெடித்த கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் அடைத்த குழாய் இருக்கும், அல்லது அழுத்தம் இறங்குமுன் பலவந்தமாகத் திறந்த மூடி இருக்கும். ரப்பர் வளையத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். கெட்டித்துப் போய் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். சேஃப்டி வால்வில் இருக்கும் சின்ன ரப்பர் அடைப்பானையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. சில ரகங்களில் ரப்பரே இருக்காது. உலோகத்தோடு உலோகம் பொருந்தி, சுற்றிலும் திருகுகளால் இறுகும். அதில் எதிரெதிர் திருகுகளை இரண்டிரண்டாக, மூடி சாயாமல் முறுக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம் காட்டும் முள். டயல் வைத்த கேனர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை, சீசன் தொடங்குமுன், முள்ளைச் சோதிக்க வேண்டும். கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகங்களில், அதாவது விவசாயத்துக்கும் வீட்டு உணவுக்கும் ஆலோசனை சொல்லும் உள்ளூர் அலுவலகங்களில், செய்து தருவார்கள். எல்லா அலுவலகமும் எல்லா ரகத்தையும் சோதிப்பதில்லை, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். என் முதல் கேனரும் கைமாறி வந்ததுதான். முள் 13-ல் நின்றதை நம்பி ஒன்பது பாட்டில் பீன்ஸ் போட்டு அலமாரியில் அடுக்கி, அழகு பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஆற அமர அதைச் சோதனைக்குக் கொண்டுபோனேன். முள் இரண்டரை பவுண்டு கூட்டிக் காட்டுகிறது என்றார்கள். நான் 13 என்று நினைத்தது பத்தரை. ஒன்பது பாட்டிலையும் திறக்காமலே பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு அழுகை வந்தது உண்மை. இரண்டு பவுண்டுக்கு மேல் பிசகினால் டயலை மாற்றிவிட வேண்டும். வெயிட் வைத்த ரகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. வெயிட்டின் கனம் மாறாது, சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். புதிதாக வாங்குபவர்களுக்கு நான் வெயிட் ரகத்தைத்தான் சொல்வேன்.

பத்தரைக்கும் பதின்மூன்றுக்கும் ஏன் இவ்வளவு அமர்க்களம் என்றால், உயரம். முள் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. கடல்மட்டத்தில் வெளிக்காற்றே சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்துகிறது. டென்வரில் அது சுமார் 12 பவுண்டுதான். அந்தக் குறைவை நாம்தான் கேனரில் ஈடுகட்ட வேண்டும். அதனால் டயல் கேனருக்கு 2,000 அடி வரை 11 பவுண்டு, 4,000 அடி வரை 12, 6,000 அடி வரை 13, 8,000 அடி வரை 14. வெயிட் கேனருக்கு 1,000 அடி வரை 10 பவுண்டு, அதற்கு மேல் எங்கே இருந்தாலும் 15. டென்வர் 5,000 அடிக்கு மேல் இருக்கிறது, அதனால் உங்களுக்கு டயலில் 13, வெயிட்டில் 15. டெக்சாஸில் இருக்கும் அக்கா சொன்ன எண்ணை இங்கே வைக்காதீர்கள். உயரத்துக்கேற்ப கூட்டுவது அழுத்தத்தை மட்டும்தான், நிமிடம் மாறாது.

இனி பீன்ஸ். ஒரு பைண்ட் (அரை குவார்ட்) பாட்டிலுக்கு சுமார் 450 கிராம் பிடிக்கும். மேசன் ரக பாட்டில்தான் வேண்டும், அதாவது இந்த வேலைக்கென்றே செய்த கண்ணாடி பாட்டில். ஹார்லிக்ஸ் பாட்டில், காபித்தூள் பாட்டில், ஜாம் பாட்டில் எல்லாம் இந்தச் சூட்டுக்கு விரிசல் விடும். தட்டை மூடி ஒருமுறைக்குத்தான், மேலே திருகும் வளையத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். காம்பு கிள்ளி, அங்குல நீளத்துக்கு நறுக்கி, பச்சையாகவே பாட்டிலில் நெருக்கி அடுக்கி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். வாயிலிருந்து ஓர் அங்குலம் காலியாக இருக்க வேண்டும். உப்பு உங்கள் விருப்பம், ருசிக்கு மட்டும்தான். ஊறுகாய் மாதிரி உப்பு இங்கே எதையும் காப்பாற்றுவதில்லை. பிளாஸ்டிக் குச்சியால் ஓரமாகக் கிளறிக் குமிழியை வெளியேற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, மூடி போட்டு வளையத்தை விரல்நுனி அழுத்தத்தில் திருகுங்கள். முழு பலத்தோடு முறுக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியிருக்காது.

கேனர் அடியில் தட்டு, அதன் மேல் இரண்டு மூன்று அங்குலம் வெந்நீர். பாட்டில் முங்க வேண்டியதில்லை, இங்கே வேலை செய்வது ஆவி. மூடியைப் பூட்டி, வெயிட் போடாமல், தீயைக் கூட்டுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். குக்கரில் ஆவி வந்த மறுநிமிடம் வெயிட்டைப் போட்டுவிடுவோம். கேனரில் முதலில் வருவது சோம்பலான புகை மாதிரி இருக்கும், காற்றும் ஆவியும் கலந்தது. கொஞ்ச நேரத்தில் குழாயை ஒட்டி ஒன்றுமே தெரியாமல், ஒரு விரற்கடை தள்ளி வெள்ளையாக நேரே சீறும். அப்போது கடிகாரத்தைப் பாருங்கள், 10 நிமிடம் அப்படியே சீறவிடுங்கள். சமையலறை ஜன்னல் முழுக்க வேர்த்துவிடும், தண்ணீர் தீர்ந்துவிடுமோ என்று தோன்றும். சரியாக ஊற்றியிருந்தால் தீராது. உள்ளே காற்று மிச்சமிருந்தால் முள் 13 காட்டும், சூடு மட்டும் அந்த அளவுக்கு இருக்காது. அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றினுடையது, அது ஆவி கொடுக்கும் சூட்டைக் கொடுக்காது.

பத்து நிமிடம் முடிந்து வெயிட்டைப் போட்டால் அடுத்த 3 முதல் 10 நிமிடத்துக்குள் அழுத்தம் ஏறிவிடும். முள் 13-ஐத் தொட்ட பிறகு, அல்லது வெயிட் உங்கள் கேனர் புத்தகத்தில் சொல்லியிருக்கிறபடி ஆட ஆரம்பித்த பிறகு, நேரத்தைக் குறியுங்கள். பைண்ட் பீன்ஸுக்கு 20 நிமிடம், குவார்ட்டுக்கு 25. சில ரக வெயிட் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை துள்ளும், சில ரகம் நிற்காமல் மெதுவாக ஆடும். தீயைப் பொடிப்பொடியாகக் குறைத்து, அழுத்தம் சீராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முதல் தடவை வெறும் தண்ணீரை ஊற்றி ஒரு ஒத்திகை பார்த்துவிட்டால் உங்கள் அடுப்பின் குணம் தெரிந்துவிடும். கண்ணாடி மேல்தள அடுப்பு என்றால் நிறைந்த கேனரின் கனத்தை அது தாங்குமா என்று அடுப்புப் புத்தகத்தில் பாருங்கள்.

முள் ஒரு நொடி 13-க்குக் கீழே இறங்கினாலும் தீயைக் கூட்டி மேலே கொண்டுவந்து, நிமிடத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். எனக்கு ஒருமுறை பதினேழாவது நிமிடத்தில் இறங்கியது. ஊரிலிருந்து அம்மா போன் செய்தார்கள், தீயை அதிகமாகவே தணித்துவிட்டேன். மீதி மூன்று நிமிடம்தானே என்று மனசு சொன்னது. முழு 20-ஐயும் திரும்ப வைத்தேன். பீன்ஸ் கொஞ்சம் குழைந்தது, அவ்வளவுதான் நஷ்டம். முள் மேலே போய்க்கொண்டே இருந்தால் தீயைக் குறையுங்கள், குறையவில்லை என்றால் அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தண்ணீரைக் கொட்டாதீர்கள், வெயிட்டைத் தொடாதீர்கள். அதையும் மீறினால் சேஃப்டி அடைப்பான் திறந்து ஆவியை விட்டுவிடும், அதற்காகத்தான் அது இருக்கிறது. கேனர் அடுப்பில் இருக்கும் வரை நீங்களும் அடுப்படியில் இருக்க வேண்டும், குழந்தைகள் வெளியே இருக்க வேண்டும்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பைண்டுக்கு அரைமணி, குவார்ட்டுக்கு முக்கால் மணிகூட ஆகும். குழாயடி வேண்டாம், கரண்டிக் காம்பு வேண்டாம். அவசரப்படுத்தினால் பாட்டிலுக்குள் கொதி பொங்கித் தண்ணீர் வழிந்துவிடும், மூடி ஒட்டாது, நாம் மேலே சொன்ன ஆறும் நேரக் கணக்கும் கெட்டுவிடும். முள் பூஜ்யத்துக்கு வந்து, வெயிட்டை எடுத்து, இன்னும் 10 நிமிடம் பொறுத்து, மூடியின் அந்தப் பக்க விளிம்பை முதலில் தூக்குங்கள், ஆவி உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம் போகட்டும். பாட்டிலுக்குள் அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். சாய்க்காமல் இடுக்கியால் தூக்கி, துண்டின் மேல் ஓர் அங்குல இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வொன்றாக "டக்" என்று மூடி உள்ளிழுக்கும். கேட்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் அந்த "டக்" மூடி ஒட்டியதைத்தான் சொல்கிறது, உள்ளே கிருமி செத்ததைச் சொல்லவில்லை. கொதிநீரில் போட்ட பாட்டிலும் இதே போல "டக்" என்று சொல்லும்.

12 மணி நேரம் கழித்து வளையத்தைக் கழற்றி, மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். எம்பி எம்பி வந்தால் ஒட்டவில்லை. அதை ஃபிரிட்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள், அல்லது 24 மணி நேரத்துக்குள் புது மூடி போட்டு முழு நேரமும் மறுபடி வைத்து எடுங்கள். மற்றதைக் கழுவி, தேதி எழுதி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வளையம் இல்லாமல் அடுக்குங்கள். ஒரு வருஷத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், சாம்பார். முடியாது. பருப்பு குழைந்து கெட்டியானால் சூடு நடுவுக்குப் போய்ச் சேராது. கெட்டியான கூட்டு, மாவு கரைத்துவிட்டது, தேங்காய் அரைத்தது, பால் சேர்த்தது, அரிசி போட்டது எதற்கும் சோதித்த நேரம் கிடையாது. பூசணியைத் துண்டாகத்தான் போடலாம், மசித்துப் போடக்கூடாது. நமக்கு உதவுவது வேறு. கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா போன்ற முழுப் பயறுகளை ஊறவைத்து, அரைமணி கொதிக்கவைத்து, தண்ணீரோடு பைண்டில் 75 நிமிடம், குவார்ட்டில் 90 நிமிடம் வைக்கலாம். வேலை முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்து ஒரு பாட்டிலைத் திறந்து குழம்பில் கொட்டுவது பெரிய நிம்மதி. வெண்டைக்காய் பைண்டுக்கு 25 நிமிடம், குவார்ட்டுக்கு 40. எலும்பில்லாத கோழி பைண்டுக்கு 75, குவார்ட்டுக்கு 90. மீனுக்குப் பைண்டில் 100 நிமிடம், ஒரு நிமிடம்கூடக் குறையாது. முருங்கைக்காய்க்கு வேளாண் துறையின் நேரப் பட்டியலில் இடமில்லை, அதை உறைய வையுங்கள்.

தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கும் காய். புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் 4.6-தான் அந்தக் கோடு, தக்காளி அதற்கு இந்தப் பக்கமும் இருக்கும், அந்தப் பக்கமும் இருக்கும். கேனரில் வைத்தாலும் கொதிநீரில் வைத்தாலும், குவார்ட்டுக்கு 2 மேசைக்கரண்டி, பைண்டுக்கு 1 மேசைக்கரண்டி என்று கடையில் பாட்டிலில் விற்கும் எலுமிச்சைச் சாறு சேர்க்க வேண்டும். பிழிந்த சாற்றில் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். புளிக்கரைசலும் அப்படித்தான், அதை மாற்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரம், அளவு எல்லாவற்றுக்கும் அமெரிக்க வேளாண் துறையின் வழிகாட்டி நூல் இலவசமாகக் கிடைக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையமும் அதையேதான் தருகிறது. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாலும் நிமிடத்தை அங்கே சரிபாருங்கள்.

பாட்டிலைத் திறக்கும்போது மூடி உப்பியிருந்தாலோ, பீய்ச்சி அடித்தாலோ, வாடை வந்தாலோ ருசிகூடப் பார்க்காதீர்கள். நன்றாகத் தெரிந்தாலும் கொதிக்கவைத்துத்தான் சாப்பிட வேண்டும். நஞ்சு வித்தைப் போல முரடு கிடையாது, கொதியில் அழியும். கடல்மட்டத்தில் 10 நிமிடம், ஆயிரம் அடிக்கு ஒரு நிமிடம் கூட, டென்வரில் 15. இது மேலதிகக் காவல்தான், கேனரில் செய்த தப்பை இது சரிக்கட்டாது. சாப்பிட்ட ஒன்றிரண்டு நாளில் யாருக்காவது பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, நாக்கு குழறினாலோ, விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, காய்ச்சல் இல்லையே என்று காத்திராதீர்கள். அவசர சிகிச்சைக்கு ஓடி, "வீட்டில் பாட்டிலில் அடைத்த காய் சாப்பிட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முறிமருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு நல்லது.

டயல் சோதனைக்கு நாள் கிடைக்க ஒரு வாரம் ஆனால் பீன்ஸ் காத்திருக்காது. பறித்ததைக் கழுவி நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து (கடல்மட்டத்தில் 3 போதும்), ஐஸ் தண்ணீரில் முக்கி, வடித்து, பைகளில் அடைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். கேனர் தயாரானதும் அடுத்த பறிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.